வெளிநாட்டு ஜிபிஎஸ்: பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிறோம். மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கிவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இரண்டு வேலைக்கு வேண்டும். நண்பர்களோடு பர்கூர் மலைப்பக்கம் போனால் செல்போன் டவர் கிடைப்பதில்லை, அங்கே வழி பார்க்க. அப்புறம், தோட்டத்து மேற்கு வரப்பு விஷயமாகப் பங்காளியோடு ஒரு இழுபறி இருக்கிறது, அதை அளந்து காட்ட. கார்மின் கம்பெனியின் ஜிபிஎஸ்மேப் 66 ஐ (66i) மாடல்தான் நல்லது, டவர் இல்லாத இடத்திலிருந்தும் மெசேஜ் அனுப்பலாம் என்கிறார் மச்சான். வாங்கலாமுங்களா?

பதில்: அந்த மாடல் மட்டும் வேண்டாமுங்க. மச்சானுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சாதாரண ஜிபிஎஸ் கருவி ரேடியோப் பெட்டி மாதிரி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும். தான் எதையும் மேலே அனுப்பாது. 66 ஐ அப்படியில்லை. பெயரின் கடைசியில் இருக்கிற அந்த 'ஐ' எழுத்து, உள்ளே இன்ரீச் என்ற வசதி இருப்பதைக் காட்டுகிறது. இரிடியம் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும், வாங்கும். மச்சான் அதன் பெருமையாகச் சொல்கிறாரே, அதுதான் இங்கே வம்பு. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இரிடியம், துராயா செயற்கைக்கோள் கருவிகளை இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 2024 டிசம்பரில் கனடாக்காரப் பெண் ஒருவர், பையில் இன்ரீச் கருவி இருந்த ஒரே காரணத்துக்காகக் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். அவர் ஒன்றும் கடத்தல்காரர் அல்ல, மலைப்பாதையில் ஓடுகிற ஆள். பொங்கலுக்கு வருகிற மனிதரை விமான நிலையத்துப் போலீஸ் அறையில் உட்கார வைக்க வேண்டாம். 67 ஐ, இன்ரீச் மினி போன்றவையும் இதே ரகம். கடையில் என்ன சொன்னாலும், பெட்டியில் 'இன்ரீச்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, வேறு எது வாங்கலாம்? அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் செல்போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது, அதற்கு டவர் தேவையில்லை. டவர் போனால் வரைபடம்தான் வராது. வீட்டில் இருக்கும்போதே அந்தப் பகுதி மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் பர்கூர் மலையிலும் புள்ளி நகர்வதைப் பார்க்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கப் போகிறவருக்கு இது போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். தனிக் கருவியின் அருமை மழையிலும், உச்சி வெயிலிலும், மூன்று நாள் சார்ஜ் போட வழியில்லாத இடத்திலும்தான் தெரியும்.

அப்படியும் வேண்டும் என்றால் அதே கார்மினின் ஈட்ரெக்ஸ் 22 எக்ஸ் (22x) பாருங்கள். 2019இல் வந்தபோது அமெரிக்காவில் 200 டாலர். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் செல் இரண்டு போட்டால் 25 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. அந்தியூர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற செல். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ரீசார்ஜ் செல் போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி சார்ஜ் இருக்கும்போதே காலி என்று காட்டும். கேபிளையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், இது பழைய மினி யுஎஸ்பி. 32 எக்ஸில் காற்றழுத்தம் வைத்து உயரம் பார்க்கும் வசதியும், நின்ற இடத்திலேயே திசை காட்டும் காம்பஸும் கூடுதல். 22 எக்ஸில் நாலடி நடந்தால்தான் திசை தெரியும். மரம் அடர்ந்த காட்டில் இன்னும் துல்லியம் வேண்டும், காசும் இருக்கிறது என்றால் ஜிபிஎஸ்மேப் 65. இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும், நம் நாட்டு நேவிக் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும்.

மேப் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து உறவினர் ஒருவர் கருவி வாங்கிவந்தார். ஆசையாகச் சத்தியமங்கலத்தில் வைத்துத் திறந்தேன். பெர்லினின் சந்து பொந்தெல்லாம் அதில் இருந்தது, சத்தி பஸ் ஸ்டாண்டைக் காணோம்! எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்தப் பக்கத்து மேப்தான் உள்ளே இருக்கும். அமெரிக்காவில் வாங்கினால் வட அமெரிக்கா. பயப்பட வேண்டாம், பலர் சேர்ந்து உருவாக்குகிற ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து கார்மினுக்கென்று தயாரித்த இந்திய மேப் இலவசமாகக் கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் இறக்கி, மைக்ரோ எஸ்டி கார்டில் 'கார்மின்' என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும். அதற்காகவே கார்டு போடும் இடம் இருக்கிற மாடலாக வாங்க வேண்டும். ஈட்ரெக்ஸ் 10 விலை குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அதில் இப்படி மேப் ஏற்ற முடியாது.

இனி வரப்பு. இதற்காக வாங்குவதானால் பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். வரப்புச் சண்டை ஒன்றரை அடிக்கு நடக்கும், இந்தக் கருவியோ வெட்டவெளியிலேயே மூன்று மீட்டர், அதாவது பத்தடி தள்ளிச் சொல்லும். தென்னைக்கடியில் இன்னும் மோசம். சதுரமான ஒரு ஏக்கர் தோட்டத்துக்குப் பக்கம் ஏறக்குறைய 63.6 மீட்டர். நாலு பக்கமும் மூன்று மீட்டர் வெளியே காட்டினால் 100 சென்ட் பூமி 120 சென்ட் ஆகிவிடும். உள்ளே காட்டினால் 82. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தப்பாது, ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு தப்புகிறது என்று உங்களுக்கும் தெரியாது, பங்காளிக்கும் தெரியாது. அவரும் ஒன்று வாங்கிவந்து அளந்தால் வேறொரு கணக்கு வரும்! கட்டணம் கட்டி, தாலுகா சர்வேயரை எஃப்எம்பி (புல அளவைப் புத்தகம்) வரைபடத்தோடு வரச்சொல்லி அளந்து கல் நடுவதுதான் வழி. பங்காளிக்கும் நோட்டீஸ் போகும், நாளைக்குப் பேச்சு வராது. தோட்டத்தில் இதற்கு வேறு வேலை கொடுக்கலாம். புதைகுழாயின் வால்வு எந்த இடத்தில் மண்ணுக்குள் போனது என்று குறித்துவைக்க நல்ல சாமான். மண்வெட்டியோடு தோட்டம் முழுக்கத் தேடாமல் ஒரு பத்தடிக்குள் தேடினால் போதும்.

வாங்கும் வழி: மச்சான் கையோடு கொண்டுவருவதே நல்லது, பில்லையும் வைத்திருக்கட்டும். கூரியரில் 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்பதெல்லாம் பழைய கதை. 2019 டிசம்பரிலிருந்து அந்தச் சலுகை ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான். சுங்கவரியும் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். வாரன்டியை நம்பியும் வாங்காதீர்கள். வெளிநாட்டில் வாங்கியது பழுதானால் வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அதனால் அங்கேயே பெட்டியைப் பிரித்து, வெட்டவெளியில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டுக் கொண்டுவரட்டும்.

பர்கூர்ப் பக்கம் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கருவி வழி காட்டும், வாட்சர் வந்து கேட்டால் அது பதில் சொல்லாது.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். ஐரோப்பா போனபோது ஒரு பழைய ஜிபிஎஸ் கருவியை மலிவாக வாங்கிவந்தேன். இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணி அனுப்புகின்றன. பழைய முறையில் 1,024 வாரம், அதாவது சுமார் 19 வருஷம் 7 மாதம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படி நடந்தது. அதற்கான மென்பொருள் மாற்றம் உங்கள் கருவிக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மாடலுக்கு அப்டேட் இன்னும் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் வழி பார்க்கத் தடையில்லை. நடந்த பாதையைச் சேமித்தால் மட்டும் தேதி தப்பாகப் பதியும். வாங்கும்போது இதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் விலை குறைத்திருக்கலாம், அவ்வளவுதான்.