குவாண்டம் இயக்கவியலில் கணக்கு போட வருகிறது, ஆனால் ஒன்றுமே புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு, பெட்டிக்குள் அடைபட்ட துகள் கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் "மேற்பொருந்துதல் என்றால் என்ன?" என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வண்டியில் வந்தவன்தான். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "சை (ψ)ன்னா என்னப்பா?" "வேவ் ஃபங்ஷன் (அலைச்சார்பு) சார்." "சரி, அங்க எது அலையடிக்குது?" நான் கரும்பலகையைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போய் வா என்று அனுப்பிவிட்டார்.

பாடத்திட்டம் வரலாற்று வரிசையில் போகிறது. 1900-இல் பிளாங்க், 1905-இல் ஐன்ஸ்டீன், பிறகு நீல்ஸ் போர், டி பிராய், 1926-இல் ஷ்ரோடிங்கர். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கருத்து பிடிபட வேண்டுமென்றால் இந்த வரிசை உதவாது என்பது என் கட்சி. இரண்டே விடை உள்ள ஒரு பொருளில் தொடங்குங்கள்.

பழுதான எல்சிடி மானிட்டர் ஒன்று கிடைத்தால் அதன் போலராய்டு ஷீட்டை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) உரித்து மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, 90 டிகிரியில் வைத்தால் இருட்டு. இப்போது மூன்றாவது துண்டை 45 டிகிரி சாய்த்து நடுவில் செருகுங்கள். வெளிச்சம் வரும்! தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, வெளிச்சமும் கூடுகிறது. முதல் ஷீட்டைத் தாண்டியது 100 என்றால், நடுவில் இருப்பதைத் தாண்டுவது 50, கடைசியைத் தாண்டுவது 25.

"இது மாலுஸ் விதிதானே (தாண்டும் ஒளி, கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பொறுத்தது), அலை என்று வைத்தாலே விளங்கிவிடுமே" என்பீர்கள். உண்மை. சிக்கல் ஃபோட்டான்களை, அதாவது ஒளியின் பிரிக்க முடியாத பொட்டலங்களை, ஒவ்வொன்றாக அனுப்பும்போதுதான் வருகிறது. அலை பாதியாகும், ஃபோட்டான் ஆகாது. 1986-இல் பிரான்ஸின் ஓர்சேயில் கிரான்ஜியர், ரோஜர், ஆஸ்பே மூவரும் ஒற்றை ஃபோட்டானைப் பாதி ஒளியை மட்டும் திருப்பும் கண்ணாடியில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் உணர்கருவிகள். இரண்டும் ஒரே நேரத்தில் அடிப்பது அரிதினும் அரிதாகவே இருந்தது. ஷீட்டிலும் அப்படித்தான். ஒரு ஃபோட்டான் முழுசாகப் போகும், இல்லையென்றால் போகவே போகாது. அப்படியானால் அந்த 50 சதவீதம்? அது நிகழ்தகவு. கோணத்தின் கொசைன் என்பது வீச்சு, அதன் வர்க்கம்தான் நிகழ்தகவு. மேக்ஸ் போர்ன் 1926-இல் சொன்ன விதி இதுதான். கட்டுரையில் முதலில் வீச்சையே நிகழ்தகவு என்று எழுதிவிட்டு, அச்சுப்படி திருத்தும்போது அடிக்குறிப்பில்தான் "வர்க்கம்" என்று சேர்த்தார். 1954 நோபல் பரிசுக்கு வழிகாட்டிய கட்டுரையில் முக்கியமான சொல் அடிக்குறிப்பில் கிடக்கிறது!

இனி நான் தடுக்கி விழுந்த இடம். 45 டிகிரி ஃபோட்டானைப் "பாதி கிடை, பாதி செங்குத்து" என்று எழுதுகிறோம். இதுதான் மேற்பொருந்துதல். "உண்மையில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை" என்று மனம் உடனே சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானத்தைச் சோதித்துப் பார்க்கலாம். கிடை ஃபோட்டான்கள் ஐம்பது, செங்குத்து ஃபோட்டான்கள் ஐம்பது, கலந்து ஒரு 45 டிகிரி ஷீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு வகையிலும் பாதிப் பாதிதான் தாண்டும்; மொத்தம் சுமார் 50. அதே ஷீட்டுக்கு 45 டிகிரி ஃபோட்டான்கள் நூறை அனுப்புங்கள். நூறும் தாண்டும். ஆக, அறியாமை வேறு, மேற்பொருந்துதல் வேறு. 45 டிகிரி ஃபோட்டானின் நிலையில் குழப்பமே கிடையாது, "45-ஆ?" என்று கேட்டால் உறுதியாக ஆமாம் என்கிறது. "கிடையா?" என்று கேட்டால்தான் அதனிடம் விடை இல்லை. "ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கிறது" என்று யூடியூபில் சொல்வார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது. பத்து வருடம் அதைக் கேட்டாலும் கணக்கு ஒன்றும் நகராது.

இதே கதை அணுவிலும் உண்டு. 1922, ஃபிராங்க்ஃபர்ட். ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளியை அடுப்பில் ஆவியாக்கி, சீரற்ற காந்தப்புலம் வழியாக அணுக்கற்றையைச் செலுத்தினார்கள். பழைய இயற்பியல்படி கண்ணாடித் தகட்டில் ஒரே தீற்றலாகப் பரவியிருக்க வேண்டும். விழுந்ததோ இரண்டு கோடு. (படிவு முதலில் கண்ணுக்கே தெரியவில்லையாம். ஸ்டெர்ன் பிடித்த மலிவான சுருட்டின் கந்தகம் பட்டு வெள்ளி கறுத்த பிறகே தெரிந்தது என்று ஒரு கதை உண்டு. ஆய்வகத்தில் சுருட்டு!) காரணம் எலக்ட்ரானின் சுழற்சி (ஸ்பின் எனும் உள்ளார்ந்த பண்பு) என்பது, 1925-இல் ஊலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் அந்தக் கருத்தை முன்வைத்த பிறகே விளங்கியது. "மேல்" என்று வந்த அணுக்களை மட்டும் பிரித்தெடுத்துப் பக்கவாட்டுக் காந்தத்தில் விட்டால் இடம் பாதி, வலம் பாதி. அந்த வல அணுக்களை மறுபடி மேல்-கீழ் காந்தத்தில் விட்டால்? முன்பு "மேல்" என்று சொன்னவற்றில் பாதி இப்போது "கீழ்" என்கின்றன. நடுவில் செருகிய ஷீட் செய்த அதே வேலை.

இது பிடிபட்டால் நிச்சயமின்மைக் கோட்பாடு தானாக வந்துவிடும். "அளக்கும்போது இடித்துவிடுகிறோம், அதனால் தவறு வருகிறது" என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். விஷயம் அதைவிட ஆழமானது. கிடையாகவும் 45 டிகிரியாகவும் ஒருசேர நிற்கும் கோடு ஒன்று எப்படி இல்லையோ, அப்படித்தான் இடமும் உந்தமும் இரண்டுமே துல்லியமாக உள்ள நிலை என்று ஒன்று கிடையாது. தம்புராவை மீட்டி நீள விட்டால் சுருதி சொல்லலாம், எந்த நொடியில் ஒலித்தது என்று சொல்ல முடியாது. கைதட்டலுக்கு நொடி சொல்லலாம், சுருதி சொல்ல முடியாது. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

பெட்டிக்குள் துகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வீணைத் தந்திதான் அது. இரண்டு முனையும் கட்டப்பட்டதால் சில அலைநீளங்களே பொருந்தும், அதனால் சில ஆற்றல்களே உண்டு. ஒரு நானோமீட்டர் பெட்டியில் எலக்ட்ரானின் அடிமட்ட ஆற்றல் சுமார் 0.38 எலக்ட்ரான் வோல்ட். பெட்டியைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு. 2023 வேதியியல் நோபல் வாங்கித் தந்த குவாண்டம் புள்ளிகள் (நானோ அளவுத் துகள்கள்) அளவுக்கேற்ப நிறம் மாறுவதும் இந்த வழியில்தான்.

சிக்கலெண், அணி, ஐகன் மதிப்பு மூன்றையும் முதலில் உறுதியாக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு அணி போதும். பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கிடை ஒளிக்கு முன்னால் 90 ஷீட்டுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு டிகிரி திருப்பியது. கடைசி ஷீட் செங்குத்து. எவ்வளவு ஒளி தாண்டும்? ஷீட் தானாக எதையும் விழுங்காது என்று வைத்துக்கொண்டால் 97 சதவீதம் வர வேண்டும். வராவிட்டால் கருத்துப் பெட்டியில் உங்கள் கணக்கைப் போடுங்கள், பார்க்கிறேன்.