கியூவும் அடுத்த வீடும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தரம் 10 படிக்கிறாள். எழுத்துக் கட்டைகளால் இங்கிலீஷ் சொல் அமைக்கும் ஆட்டமான ஸ்கிராபிளில் பாடசாலை அணியில் இருக்கிறாள். கையில் கியூ வந்து யூ வராவிட்டால் பதறிவிடுகிறாள். யூ இல்லாத சின்னச் சின்ன கியூ சொற்களைப் பட்டியலாகத் தருவீர்களா? அர்த்தம் தேவையில்லை, எழுத்துக்கூட்டல் போதும். பிரெஞ்சு பேசவே தெரியாத நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றாரே! முதலில் இரண்டெழுத்துச் சொற்களைப் படிப்பதா, கியூவைப் படிப்பதா என்றும் சொல்லுங்கள்.

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

பிள்ளை பதறுவதில் நியாயம் இருக்கிறது. 100 கட்டைகளில் கியூ ஒன்றுதான், யூ நான்குதான். 10 புள்ளிக்கு ஆசைப்பட்டு வைத்திருந்து, எதிராளி ஆட்டத்தை முடிக்கும்போது அது கையில் மிஞ்சினால் அந்த 10 கழிந்துபோகும். அவளிடம் கோபப்படாதீர்கள்.

ரிச்சர்ட்ஸ் 2015இல் வென்றது உண்மை. அந்த ஞாபகசக்தி அவருக்கு வாய்த்தது. அதை விடுங்கள்.

ஆனால் ‘அர்த்தம் தேவையில்லை’ என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியாது. போன மாதம் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன், காதி நீதிமன்றம் என்றால் கதர்த் துணி சம்பந்தப்பட்டதா என்று என்னிடம் கேட்டான். அன்றிலிருந்து மனது சரியில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் கேட்ட பட்டியலில் முதலில் வரவேண்டியதே அந்தச் சொல்தான். கியூ, ஏ, டீ, ஐ (QADI). காதி, முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் நீதிபதி. அப்புறம் டபிள்யூ, ஏ, கியூ, எஃப்: வக்பு, அறப்பணிக்கு ஒதுக்கிய சொத்து. எஃப், ஏ, கியூ, ஐ, ஆர்: பக்கீர், முஸ்லிம் துறவி. டீ, ஏ, எல், ஏ, கியூ (TALAQ): தலாக், கணவன் சொல்லும் விவாகரத்து. கியூ, ஐ, பீ, எல், ஏ (QIBLA): கிப்லா, தொழும்போது நோக்கும் மக்காவின் திசை. இவற்றில் எது உங்கள் மகளுக்கு அந்நியச் சொல்? எல்லாம் மருதானையிலும் வாழைத்தோட்டத்திலும் தெமட்டகொடையிலும் தமிழில் புழங்கும் சொற்கள். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951இல் வந்தது, வக்பு சட்டம் 1956இல். இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற சொற்களை அர்த்தம் இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்யக் கொடுப்பீர்களா?

சின்ன வயதில் எங்கள் அடுத்த வீடு முஸ்லிம் வீடு. ஊரடங்கு போட்ட நாட்களில் அவர்கள் வீட்டு விறாந்தையில்தான் ஸ்கிராபிள். அந்த வீட்டு நானா, அதாவது அண்ணன், ஒருநாள் இந்தக் காதியை வைத்தார். என் அக்கா விடவில்லை, இது இங்கிலீஷே இல்லை என்று சண்டை. தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தார்கள், இருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த அவருடைய உம்மா, படிக்கட்டில் உட்கார்ந்து, தன் தங்கச்சியின் மஹர் பணத்துக்காக, அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்காக, காதியாரிடம் போய்வந்த கதை முழுவதையும் சொன்னார். காதியார் யார், மஹர் யாருடைய உரிமை, தங்கச்சி எதற்காக அழுதாள், எல்லாம். பலகை அப்படியே கிடந்தது. அக்காவுக்கு இன்றைக்கும் அந்தத் தங்கச்சியின் பெயர் ஞாபகம் இருக்கிறது.

நாங்களும் அவர்களும் பேசுவது ஒரே மொழி. ஆனாலும் நமக்குப் பெருநாள் வட்டிலப்பம் தெரிந்த அளவுக்கு, அதைக் கொடுத்தனுப்பும் வீட்டின் சொற்கள் தெரியாது. கொழும்பிலிருந்து கிப்லா எந்தப் பக்கம்? மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. எத்தனை வருடம் பக்கத்தில் இருந்தோம், ஒருநாளாவது கேட்டோமா? உங்களைத்தான் கேட்கிறேன், எஸ். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கியூவுக்குப் பின்னால் யூ வந்தே ஆகவேண்டும் என்பது இங்கிலீஷின் பிறவிக் குணம் இல்லை. ராணியைக் குறிக்கும் ‘குவீன்’ என்ற சொல்லைப் பழைய இங்கிலீஷில் சீ, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066இல் நார்மன்கள் வந்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் கியூவையும் யூவையும் சேர்த்து எழுதினார்கள், அது நிலைத்துவிட்டது. கியூ என்ற எழுத்தே பினீசியரின் கோஃப்பிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாக வந்தது. அதே எழுத்தின் வழியில் வந்ததுதான் அரபியின் காஃப், அடித்தொண்டையிலிருந்து எழுகிற ஒலி. அந்த ஒலிக்குத்தான் மேலே சொன்ன சொற்களில் கியூ நிற்கிறது. எபிரேய எழுத்தின் பெயராகிய கோஃப்பையும் பலகையில் வைக்கலாம்: கியூ, ஓ, பீ, எச் (QOPH). நம் நாட்டுச் சட்டத்தின் இங்கிலீஷ் பிரதியில் காதிக்கும் கியூவுக்கு அடுத்து ஒரு யூ நுழைந்திருக்கிறது. மகளிடம் காட்டுங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியூ, ஏ, டீ (QAT): யேமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லும் ஒரு இலை. எஸ், யூ, கியூ: அரபுச் சந்தை. இதில் யூ உண்டு, ஆனால் முன்னால் வருகிறது. கியூ, ஏ, என், ஏ, டீ (QANAT): ஈரானில் மலையடிவாரத்திலிருந்து நிலத்துக்கடியில் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய். கியூ, ஐ: சீனரின் உயிர்மூச்சு. இதை ‘க்வீ’ என்று படிக்கவிடாதீர்கள், ‘ச்சீ’க்குக் கிட்டவான ஒலி. எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டத்தில் கியூ விழுந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் இதே சொல் அமைந்தால் 62 புள்ளி.

எது முதலில் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டெழுத்துச் சொற்கள்தான். அவை எல்லா ஆட்டத்திலும் வேண்டும், கியூ பாதி ஆட்டங்களில் எதிராளி கைக்குத்தான் போகும். பட்டியலை அவளே கையால் எழுதட்டும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அர்த்தத்தோடு. காதிக்கும் வக்புக்கும் அகராதியைப் பார்க்க வேண்டாம், வகுப்பில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.