60 ஜிபி காலி இருந்தும் உபுண்டு பார்ட்டிஷன் பெரிசாகலையா?

விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்திருக்கிற டெஸ்க்டாப்ல உபுண்டு பார்ட்டிஷனை (டிஸ்க்குல அதுக்குப் பிரிச்ச பகுதி) பெரிசாக்க முடியலை, ஜிபார்ட்டட்ல (பார்ட்டிஷனை மாத்துற ப்ரோகிராம்) பூட்டு தெரியுதுன்னு காவேரிப்பட்டணத்துல இருந்து கேட்டிருந்தீங்க. ஓடிக்கிட்டிருக்கிற உபுண்டுக்குள்ள இருந்து அது நடக்காதுங்க. விண்டோஸ்ல சி டிரைவைச் சுருக்கி நீங்க எடுத்த 60 ஜிபி, உபுண்டுக்கு இடப்பக்கம் கிடக்குது. அதைச் சேர்க்கணும்னா பார்ட்டிஷனோட தொடக்கத்தையே நகர்த்தணும். மவுண்ட் ஆன, அதாவது இப்ப பயன்பாட்டுல இருக்கிற ரூட்டை (உபுண்டு ஓடுற பார்ட்டிஷன்) நகர்த்த முடியாது. ஜிபார்ட்டட் காட்டுற பூட்டுக்கு அதுதான் அர்த்தம்.

1. உபுண்டு பென்டிரைவுல பூட் பண்ணி, இன்ஸ்டால் கொடுக்காம ட்ரை கொடுத்து, ஜிபார்ட்டட் திறங்க.
2. அப்பவும் பூட்டு தெரிஞ்சா ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ உதவுற டிஸ்க் இடம்) மேல ரைட் கிளிக், ஸ்வாப்ஆஃப்.
3. நடுவுல விண்டோஸ் ரிக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. இருந்தா முதல்ல அதை இடப்பக்கம் தள்ளணும். அப்புறம்தான் உபுண்டு பார்ட்டிஷனோட தொடக்கத்தை இடப்பக்கம் இழுக்கணும்.

பேக்கப் எடுக்காம தொடாதீங்க. பழைய ஹார்டு டிஸ்க்னா மணிக்கணக்குல ஓடும், பாதியில கரண்ட் போனா டேட்டாவும் போச்சு. உங்களுது டெஸ்க்டாப் வேற, பேட்டரி கிடையாது. காவேரிப்பட்டணத்துல மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு பார்த்துட்டு, இன்வெர்ட்டர் லைன்ல போட்டு ஆரம்பிங்க.

நானா இருந்தா நகர்த்தவே மாட்டேன். அந்த 60 ஜிபியை இஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) ஆக ஃபார்மேட் பண்ணி, போட்டோ வீடியோவுக்குத் தனியா மவுண்ட் பண்ணிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை.