ஒரே வேவ்கைடில் பல மோடுகள்: கேள்வியும் பதிலும்

சிலிக்கான் சிப்பில் மோடு மல்டிபிளெக்சர் வடிவமைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. வேவ்கைடு என்பது சிப்பில் ஒளி ஓடும் மெல்லிய பாதை. மோடு என்பது அதற்குள் ஒளி பரவி ஓடும் ஒரு வடிவம். பல மோடுகளை ஒரே வேவ்கைடில் சேர்ப்பது மல்டிபிளெக்சர், திரும்பப் பிரிப்பது டிமல்டிபிளெக்சர். எல்லா பதில்களிலும் 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான், அதைச் சுற்றிலும் சிலிக்கான் டைஆக்சைடு, 1550 நானோமீட்டர் ஒளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலைநீளத்தைப் பிரித்தே நிறைய சேனல் அனுப்பலாமே சார், மோடு எதற்கு?

பொதுவாக ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு தனி லேசர் வேண்டும், அங்கேதான் செலவு ஏறுகிறது. மோடு என்றால் ஒரே லேசரின் ஒளியைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் வேறு தகவலை ஏற்றி, ஒரே வேவ்கைடில் அனுப்பலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகல் லிப்சன் குழு 2014-ல் அதை ஒரே சிப்பில் செய்து காட்டியது.

கேள்வி: குறுகலான வேவ்கைடின் அடிப்படை மோடு (TE0), அகலமானதில் அதற்கு அடுத்த மோடான TE1 ஆக எப்படி மாறுகிறது?

ஒரே மூங்கிலில் இரண்டு ஊஞ்சல் கட்டி ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். கயிற்றின் நீளம் ஒன்றாக இருந்தால் ஆட்டம் மெல்ல மற்றதற்குப் போய்விடும். நீளம் வேறானால் முழுதாகப் போகாது. இங்கே கயிற்றின் நீளத்துக்குச் சமமானது பயனுறு ஒளிவிலகல் எண், அதாவது அந்த மோடு வேவ்கைடில் எவ்வளவு மெதுவாக முன்னேறுகிறது என்று சொல்லும் எண். 400 நானோமீட்டர் அகலத்தில் TE0-க்கு உள்ள எண், ஏறத்தாழ 835 நானோமீட்டர் அகலத்தில் TE1-க்கு வந்துவிடும். இரண்டையும் அருகருகே ஓடவிட்டு, ஒளி முழுதாக மாறிய இடத்தில் பிரித்துவிட்டால் மல்டிபிளெக்சர் தயார்.

கேள்வி: சிமுலேஷனில் 98 சதவீத ஒளி மாறுகிறது. சிப் கையில் வந்ததும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. எங்கே தவறு?

எனக்கும் முதல் சிப்பில் இதேதான் நடந்தது. உங்கள் கணக்கில் தவறு இல்லாமல் இருக்கலாம், அகலத்தைப் பாருங்கள்.

ஃபேப்பில் (சிப் தயாரிக்கும் ஆலையில்) எல்லா வேவ்கைடின் அகலமும் 10 நானோமீட்டர் கூடி வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அளவுதானே அகன்றன, பொருத்தம் கெடாது என்று தோன்றும். கெடும். குறுகலானதில் அந்த 10 நானோமீட்டர் ஒளிவிலகல் எண்ணை ஏற்றும் அளவு, அகலமானதில் ஏற்றுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் இரண்டுக்கும் நடுவே சுமார் 0.012 வித்தியாசம் விழுந்துவிடும். கப்ளர், அதாவது இரண்டும் அருகருகே ஓடும் பகுதி, 20 மைக்ரான் நீளம் என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி மாறாமல் நிற்கும். 40 மைக்ரான் என்றால் கால் பங்குக்கு மேல்!

ஆகவே இரண்டு வேவ்கைடுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்து, இணைப்பை வலுவாக்கி, கப்ளரைக் குட்டையாக வையுங்கள். நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண கப்ளருக்கு அது நேர் எதிர். நீளத்தால் லாபம் வேண்டுமென்றால் டேப்பர் கப்ளருக்குப் போங்கள். அதில் ஒரு வேவ்கைடின் அகலம் மெல்ல மாறிக்கொண்டே போகும், அகலம் பிசகினாலும் வழியில் எங்காவது ஓரிடத்தில் பொருத்தம் வந்துவிடும். இடம் இருந்தால் நான் இதைத்தான் போடுவேன்.

அப்புறம், மாஸ்க்கில் (ஃபேப்புக்கு அனுப்பும் வரைபடத்தில்) ஒரே வடிவத்தை ஒருமுறை மட்டும் வரையாதீர்கள். 10, 20 நானோமீட்டர் கூட்டியும் குறைத்தும் நான்கு பிரதிகள் சேர்த்து வையுங்கள். சில மாதம் காத்திருந்து வாங்கும் சிப்பில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: இடைவெளி எவ்வளவு வரை குறைக்கலாம்?

ஃபேப் தரும் விதிகள் அனுமதிக்கும் வரை. 200 நானோமீட்டரில் தொடங்குங்கள்.

கேள்வி: அகலமான வேவ்கைடை வளைக்கலாமா?

வளைக்கலாம், ஆனால் சாதாரண வட்ட வளைவு வேண்டாம். நேர்கோட்டிலிருந்து சட்டென்று வளைவுக்குள் நுழையும் இடத்தில் மோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வளைவு பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறி இறங்கும் ஆய்லர் வளைவு போடுங்கள்.

கேள்வி: ஃபைபரிலிருந்து TE0 மட்டும்தானே உள்ளே வருகிறது? TE1-ஐ எப்படி அளப்பது?

சரியான கேள்வி தம்பி. மல்டிபிளெக்சரையும் டிமல்டிபிளெக்சரையும் முதுகோடு முதுகாக ஒரே சிப்பில் வையுங்கள். வெளியே வரும்போது எல்லாம் மீண்டும் TE0 ஆகிவிடும். மூன்று மோடு என்றால் மூன்று நுழைவு, மூன்று வெளியேற்றம், மொத்தம் ஒன்பது அளவீடு. தவறான வாசலில் வருவது சரியான வாசலில் வருவதைவிட 20 டெசிபல் கீழே, அதாவது நூறில் ஒரு பங்கு என்றால் நல்ல ஆரம்பம். பக்கத்திலேயே கிரேட்டிங் கப்ளர்களோடு (ஃபைபருக்கும் சிப்புக்கும் நடுவே ஒளியைக் கடத்தும் அமைப்பு) ஒரு நேரான வேவ்கைடும் வரைந்துவிடுங்கள். அதன் இழப்பைக் கழித்தால்தான் மல்டிபிளெக்சரின் உண்மையான இழப்பு தெரியும்.