டென்னிஸ்ல ஸ்மாஷ் அடிச்சா பந்து நெட்ல மாட்டுது, இல்ல வெளிய போயிடுது. எப்படி சரி பண்றது?

கையில தப்பு தேடாதீங்க, முதல்ல காலைப் பாருங்க. நானும் ரொம்ப நாள் இன்னும் வேகமா அடிக்கணும்னே நினைச்சுட்டு இருந்தேன், ஆனா நடந்தது வேற, லாப் (எதிராளி நம்ம தலைக்கு மேல உயரமா தூக்கிப் போடுற பந்து, அதை தலைக்கு மேலயே ஓங்கி அடிக்கிறதுதான் ஸ்மாஷ்) ஏறுனதும் நெட்டைப் பார்த்த மாதிரியே பின்னாடி பின்னாடி போவேன், பந்து தலைக்குப் பின்னால இறங்கும், உடம்பு சாஞ்சுடும், அடிச்சது வெளிய பறக்கும். அடுத்த பந்துல அந்த பயத்துல மணிக்கட்டை மடக்கி நேரா நெட்ல போடுவேன். அப்படிப் பின்னாடியே போனா கால் தடுக்கி மல்லாக்க விழுற ஆபத்தும் இருக்கு, அதனாலயே இதை உடனே மாத்துங்க.

வலது கைக்காரர்னா லாப்னு தெரிஞ்ச அந்த நொடியே வலது காலைப் பின்னாடி வச்சு தோளைப் பக்கவாட்டா திருப்பிடுங்க. அப்புறம் காலைக் குறுக்க போட்டு ஓடுங்க, கிரிக்கெட்ல உயரமான கேட்சுக்கு ஃபீல்டர் பின்னாடி ஓடுவாரே அதே மாதிரி. இடது கை பந்தைப் பார்த்து மேல நீண்டு இருக்கட்டும்.

எனக்கு இதைப் பழக்கினது ஒரே ஒரு டிரில்தான். யாரையாவது லாப் போடச் சொல்லுங்க, ராக்கெட்டே வேண்டாம், ஓடிப் போய் இடது கையால பந்தைப் பிடிங்க. கை நீட்டினபடி, நெத்திக்குக் கொஞ்சம் முன்னால பிடிக்க முடிஞ்சா கால் சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம். காதுக்குப் பின்னால பிடிச்சீங்கன்னா அந்தப் பந்தை ஸ்மாஷ் அடிச்சிருந்தா வெளியதான் போயிருக்கும். 20 பந்து பிடிச்சுட்டு அப்புறமா ராக்கெட்டைத் தொடுங்க.

சர்வ் மாதிரியே அடிக்கலாம்னு சொல்லுவாங்க, அதுல எனக்கு பாதிதான் சம்மதம். சர்வ்ல பந்து உச்சில கிட்டத்தட்ட நிக்கும்போது அடிக்கிறோம், ஆனா 8 மீட்டர் உயரம் போன லாப் நம்ம ராக்கெட் எட்டுற உயரத்துக்கு வரும்போது செகண்டுக்கு கிட்டத்தட்ட 10 மீட்டர் வேகத்துல இறங்குது. ராக்கெட்டைக் கீழ இறக்கி பெருசா சுத்தி எடுத்துட்டு வர்றதுக்கு நேரமே கிடையாது, நேரா காதுக்குப் பக்கத்துல தூக்கி வச்சுடுங்க. கிரிப் கான்டினென்டல், அதாவது சுத்தியல் பிடிக்கிற மாதிரி. ஃபோர்ஹேண்ட் கிரிப்லயே அடிச்சா மணிக்கட்டு கடைசில திரும்பாது, பந்தைத் தட்டி விடுற மாதிரிதான் ஆகும்.

நெட்ல மாட்டுறதுக்குப் பெரும்பாலும் காரணம் தலை. பந்து எங்க போகுதுன்னு பார்க்குற ஆசையில அடிக்கிறதுக்கு முன்னாடியே தலை கீழ வந்துடும், கூடவே தோளும் இறங்கிடும். பந்து ராக்கெட்ல பட்ட அப்புறமும் ஒரு நொடி மேலயே பாருங்க.

அமெரிக்க டென்னிஸ் சாம்பியன் பீட் சாம்ப்ராஸ் மாதிரி எகிறி அடிக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். செங்குத்தா ரொம்ப மேல போன லாப்பை, அதுவும் வெயில் கண்ணுல அடிக்கும்போது, ஒரு பவுன்ஸ் விட்டுடுங்க, வேகம் குறைஞ்சு மேல எழும்பி வரும். ஆனா அப்பவும் நின்னு வேடிக்கை பார்க்காம பந்துக்குப் பின்னால போய் பக்கவாட்டா திரும்பித் தயாரா இருங்க.