மகனின் புள்ளிகளைவிட மாமனாரின் பகல் தூக்கம்தான் கவலை

கேள்வி: என் 9 வயது மகனுக்கு (24 கிலோ) எட்டு நாளாகக் காய்ச்சல். மெடிக்கலில் வாங்கிய செஃபிக்ஸிம் ஐந்து நாள் கொடுத்தும் விடவில்லை. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள், பிளேட்லெட் 1,10,000. டாக்டர் 'டைபஸ்' என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் எழுதினார். இணையத்தில் பார்த்தால், போர்க்காலத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற நோய் என்கிறார்கள். அந்த மாத்திரை பல்லைக் கறையாக்கும் என்றும் இருந்ததால் இன்னும் கொடுக்கவில்லை. கைக்குழந்தைக்குத் தொற்றுமா? வீட்டை ஒட்டி நெல் மூட்டை அறை, எலி உண்டு. பூனையும் வளர்க்கிறோம். சர்க்கரை உள்ள மாமனாருக்கும் (64) ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிறார்.
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மாமனாரை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடிதத்தில் அவருக்குக் கடைசி வரிதான் கிடைத்திருக்கிறது. ஆனால் அதிக ஆபத்து அவருக்குத்தான். போவதற்குள் எழுப்பி உட்கார வைத்து, இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். தடுமாறினாலோ, பதில் சொல்லும்போதே கண் மூடினாலோ அது காய்ச்சல் அசதி அல்ல, மூளை பாதிக்கப்படுவதன் அடையாளம். சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் இப்படி ஆகலாம் என்பதால் அதையும் உடனே பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் நுரையீரலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பெரியவர்களில், குறிப்பாக வயதானவர்களிலும் சர்க்கரை உள்ளவர்களிலும், மகனுக்குச் சொன்ன இதே டைபஸ் நுரையீரல், சிறுநீரகம், மூளை மூன்றையும் தொடலாம். மகனைப் பற்றிச் சொல்லும்போதே, வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல் என்பதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் கொன்றது பேன் பரப்பும் டைபஸ். உங்கள் வீட்டு விவரத்தைப் பார்த்தால் இது எலியின் தெள்ளுப்பூச்சி பரப்பும் டைபஸாக இருக்கலாம். கிருமிகள் உறவுக்காரர்கள், ஆனால் நோயின் வேகம் வேறு. சரியான மருந்து கொடுத்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது, மகன் தொட்டதால் கைக்குழந்தைக்கு எதுவும் வராது. ஆனால் அதே தெள்ளு குழந்தையையும் கடிக்கலாம், எனவே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். டைபாய்டோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று.

மகனுக்கு செஃபிக்ஸிம் வேலை செய்யாததில் வியப்பில்லை. இந்தக் கிருமி ரத்தக்குழாய்ச் சுவரின் உயிரணுவுக்குள்ளேயே வாழ்கிறது. செஃபிக்ஸிம், அமாக்ஸிசிலின் வகையறா அதை ஒன்றும் செய்யாது. கடையில் வாங்கிக் கொடுத்த ஐந்து நாளும் வீண். டாக்டர் எழுதியதை இன்றைக்கே தொடங்குங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது, முதல் வாரத்தில் அது பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். எடைக்கு கிலோவுக்கு 2.2 மி.கி., 24 கிலோவுக்கு சுமார் 50 மி.கி., காலையும் இரவும். குறைந்தது ஏழு நாள், அதோடு காய்ச்சல் விட்டு மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். 48 மணி நேரத்தில் காய்ச்சல் நன்றாக இறங்க வேண்டும். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் நோய் வேறாக இருக்கலாம், திரும்பக் காட்டுங்கள்.

பல் கறை என்பது இதே வகையைச் சேர்ந்த பழைய டெட்ராசைக்ளினை நீண்ட நாள் கொடுத்த காலத்துக் கதை. எட்டு வயதுக்குக் கீழேயும் டாக்ஸிசைக்ளினைக் குறுகிய நாள் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவம். உங்கள் மகனுக்கு ஒன்பது.

பெரியவர்கள் மண்டை பிளக்கும் தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் என்று வருவார்கள். பிள்ளைகளோ வயிற்றுவலி, வாந்தி என்பார்கள். பகலில் விளையாடிவிட்டு இரவில் கொதிப்பவர்களும் உண்டு. காய்ச்சல், தலைவலி, புள்ளி மூன்றும் சேர்ந்து வருவது பாதிப் பேருக்குக்கூட இல்லை. நம் நிறத்தில் புள்ளி எளிதில் மறையும். வயிற்றுத் தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். உள்ளங்கை, பாதத்தில் பெரும்பாலும் இருக்காது. அக்குள், தொடை இடுக்கு, காது மடலுக்குப் பின்னும் பொருக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருந்தால் அது பெரும்பாலும் புதரில் இருக்கும் செள்ளுப்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ். அதற்கும் இதே மருந்துதான். பிளேட்லெட் 1,10,000-க்குப் பப்பாளி இலைச் சாறெல்லாம் வேண்டாம்.

எலியைக் கொல்ல இன்றே மருந்து வைத்துவிடாதீர்கள். எலி செத்தால் அதன்மேல் இருந்த தெள்ளு பசியோடு உங்களைத் தேடி வரும். முதலில் மூட்டை அறைக்கும் தரை இடுக்குகளுக்கும் தெள்ளு மருந்து அடித்து, படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் துவைத்த பிறகே எலிப்பொறி. தெள்ளின் எச்சத்தில்தான் கிருமி இருக்கிறது, கடித்த இடத்தைச் சொறியும்போது அது உள்ளே போகிறது. கணுக்காலைச் சுற்றி அரிப்புத் தடிப்பு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை வெட்டிவிடுங்கள்.

பூனையை விரட்ட வேண்டாம். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் சீவுங்கள். விழும் கருந்தூள் ஈரம் பட்டதும் செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளு இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் பூனைக்கென்றே உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு பூனையைக் கொன்றுவிடும்.