பந்து இல்லாத 86 நிமிடங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பாபநாசத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் கால்பந்து அணிக்கு நான் தலைவன். சென்ற ஞாயிறன்று கோடைப் போட்டியின் அரையிறுதியில் 1–4 என்று தோற்றோம். இடைவேளைவரை நாங்கள்தான் முன்னிலையில் இருந்தோம். அதைக் காப்பாற்ற எங்கள் பேக்குகள் (பின்னால் நின்று தடுப்பவர்கள்) கோலருகே இறங்கி நின்றார்கள். ஃபார்வர்டுகள் இன்னொரு கோலுக்காக முன்னாலேயே நின்றுவிட்டார்கள். அதன்பின், கடைமடைக்குத் தண்ணீர் வராததுபோல அவர்களுக்குப் பந்தே போகவில்லை. தரையும் மோசம். கிடைத்த ஒரே வாய்ப்பை சென்டர் ஃபார்வர்ட் வீணாக்கினான். கோல்கீப்பர் நான்கு கோல்களை விட்டான். யார் என்ன தவறு செய்தார்கள் என்று அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மூன்று பேர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்கள். பின்னால் நான்கு பேக், நடுவில் நான்கு ஹாஃப், முன்னால் இரண்டு ஃபார்வர்ட் என்று நிற்கும் 4-4-2 முறையிலிருந்து 4-3-3க்கு மாறலாமா? பணம் கொடுத்து வெளியூர் ஆட்டக்காரர் இருவரை அழைத்து வரலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உளுந்து பறித்த வயல்களில் மாலைதோறும் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். பந்து எங்கேயோ அங்கேயே அத்தனை பேரும் குவிகிறார்கள். பந்தை விட்டவன் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறான். இதைப் பற்றி யாரிடமாவது புலம்ப வேண்டும் என்றிருந்த வேளையில் நீங்கள் வந்து அகப்பட்டுக்கொண்டீர்கள்.

வெளியூர் ஆட்டக்காரர்கள் வேண்டாம். 4-4-2, 4-3-3 என்பதெல்லாம் விசில் ஊதும்வரை தாளில் இருக்கும் எண்கள்; உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 90 நிமிடங்களை 22 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். பந்து வெளியே கிடக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் தேறாது. ஏறத்தாழ 86 நிமிடங்கள் ஒவ்வொருவரும் பந்தில்லாமல்தான் ஆடுகிறார். நீங்கள் நள்ளிரவில் எழுதிய குற்றப்பட்டியலோ அந்த நான்கு நிமிடங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கடைமடை காய்ந்தால் கடைமடைக்காரனையா திட்டுகிறோம்? அந்த உவமையை எழுதிய கையே அடுத்த வரியில் சென்டர் ஃபார்வர்டைக் குற்றவாளியாக்குகிறது. கோல்கீப்பரிடம் வந்து சேருமுன் அந்தப் பந்து உங்களையும் சேர்த்துப் பத்துப் பேரைக் கடந்து வந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். வெளியேறிய மூவரின் வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசுங்கள். கைப்பேசியில் மன்னிப்பு எழுதாதீர்கள்.

தோல்விக்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டுக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பேக்குகள் இறங்கினார்கள், ஃபார்வர்டுகள் திரும்பவில்லை என்றால், நடுவே அரை மைதானம் ஆளில்லாமல் திறந்து கிடந்திருக்கிறது. அங்கே எதிரணியின் ஹாஃப் ஒருவர் பந்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, யாருக்குக் கொடுக்கலாம் என்று நிதானமாக யோசிக்கும் அளவுக்கு அவருக்கு நேரம் கொடுத்தது உங்கள் அணி. முன்னிலையைக் காப்பாற்றப் பின்வாங்குவது தவறல்ல, பதினொரு பேரும் சேர்ந்து பின்வாங்கினால்.

எழுபதுகளின் இறுதியில் கும்பகோணத்தில் கல்லூரியில் படித்தபோது நான் இடப்பக்க பேக். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வாரத்தில் ஒருநாள் பந்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடப்பார். அவர் வலப்பக்கம் போனால் பதினொரு பேரும் வலப்பக்கம் நகர வேண்டும், முன்னேறினால் ஏற வேண்டும், திரும்பினால் இறங்க வேண்டும். பந்தைத் தொடவே முடியாத அந்த நாளை நாங்கள் மனதாரச் சபித்தோம். திடீரென்று விசில் அடித்து ஒருவனைப் பார்த்து, “கண்ணை மூடு. உன் வலப்பக்கம் யார், எத்தனை தப்படி?” என்பார். விடை பிசகினால் மறுபடி முதலிலிருந்து. என்னிடம் கேட்கும்போது எனக்கு வலப்பக்கம் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் பேக்கின் மூச்சிரைப்பைக் காதால் தேடுவேன். அதுவே போதும் என்று அவர் ஒருமுறை சிரித்தது நினைவிருக்கிறது. ஆள் தெரிந்தபின் தூரம் தெரிந்தது. தூரம் தெரிந்தபின் அடுத்தவன் ஏமாந்த இடத்தில் நாம் போய் நிற்கத் தெரிந்தது.

பிற்காலத்தில் அரிகோ சாக்கியைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. 1987இல் இத்தாலியின் மிலான் அணிக்குப் பயிற்சியாளராக வந்த அவரும் பந்தில்லாமலே ஆட்டக்காரர்களை நகரவைத்துப் பழக்கினார். குல்லிட், வான் பாஸ்டன் போன்ற பெரும் ஆட்டக்காரர்களுக்கே இதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு கோல்கீப்பரையும் நான்கு பேக்குகளையும் ஒருபுறம் நிறுத்தி, எதிரே குல்லிட் உட்படப் பத்துப் பேரை விருப்பம்போல் ஆடவிட்டார். 15 நிமிடங்களில் பத்துப் பேரால் ஒரு கோல் போட முடியவில்லை. அந்த அணி 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த நான்கு பேக்குகளில் இருந்த பரேசியும் மால்தினியும் நம்மூரில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எதிரே ஆடவேண்டிய குல்லிட்டும் இங்கே இல்லையே!

தரை மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ந்து வெடித்த களிமண்ணில் முப்பது தப்படி உருளும் பந்து வழியில் பலமுறை திசைமாறும். பத்துத் தப்படியில் அதற்கு அவ்வளவு வாய்ப்பில்லை. நெருங்கி நிற்க வேண்டும் என்பதற்குத் தரையும் ஒரு காரணம்தான். தயவுசெய்து அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என்று வென்ற இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதியோடு அவர் தனிப் போட்டிகளே நடத்தியிருக்கிறார். நீங்களும் அதைச் செய்யலாம்: இரண்டு தொடுதலுக்குள் பந்து அடுத்தவரிடம் போக வேண்டும், போனதும் கொடுத்தவர் நகர வேண்டும், நின்றுவிட்டால் பந்து எதிரணிக்கு. அதற்கு முன் அரை மணி நேரம் பந்தில்லாமல் நகரும் பயிற்சி. வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை உழவு தொடங்கி உங்கள் வயல் மைதானம் போய்விடும். ஆகவே இந்த வாரமே ஆரம்பியுங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் ஆட வேண்டாம். விசிலை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி நின்று, ஃபார்வர்டுக்கும் பேக்குக்கும் இடையே எத்தனை தப்படி என்பதை மட்டும் பாருங்கள்.